பீட்டா ஐம்பத்தெட்டு

கிளெனிஸ் பர்டிக்கு ஆபீஸில் 'மாஜிஸ்திரேட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு ரப்பர் பூட்ஸ், அதுவும் ஒற்றைக் கால் பூட்ஸ். மாட்டுக் கொட்டகையில் போட்டுக்கொள்ளும் அந்தப் பூட்ஸுக்கு யாரோ எந்தக் காலத்திலோ ரோஸ் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். யார் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் பில்டை உடைக்கிறதோ அவர் மேசையில் கிளெனிஸ் அதைக் கொண்டுபோய் வைப்பாள். வைக்கும்போது இரண்டு வரி தீர்ப்பும் சொல்வாள். மறுநாள் காலைத் தேநீருக்குக் குற்றவாளி தன் கையால் ஏதாவது செய்து எல்லாருக்கும் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கிய கேக்கை வீட்டுத் தட்டுக்கு மாற்றிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

நல்ல வேடிக்கைதான். தன் மேசைக்கு வராதவரை எல்லாருக்குமே அது நல்ல வேடிக்கை. கிளெனிஸ் மேசைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

ஹாமில்டனில் ஒரு டயர் கடைக்கு மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அவர்கள் செய்து விற்பது ஒரு பெட்டி. பண்ணைகளில் கறந்த பாலை ஊற்றி வைக்கும் குளிர்தொட்டியின் பக்கத்தில் அதைத் திருகிவிடுவார்கள். பாலில் சூடு ஏறினால் பெட்டி விவசாயியின் போனை அலறவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் பால் கெட்டுப்போனால் பால் எடுக்க டாங்கர் லாரி ஓட்டி வருகிறவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவார் என்பதால் அந்த 'அவ்வளவுதான்' வைகாட்டோ வட்டாரம் முழுவதும் நன்றாக விலைபோயிற்று.

பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை ஏழெட்டுப் பேர் எழுதினார்கள். ஆளாளுக்கு எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, பெட்டிக்குள் போகிற உருவத்தில் கட்டித் தருவதற்குத்தான் பில்ட் என்று பெயர். அதை சர்வர் தானாகச் செய்யும். அந்த சர்வரைக் கட்டி மேய்ப்பவள் கிளெனிஸ். அவள் மேசைக்கு மேலே ஒரு விளக்கு. பில்ட் தேறினால் பச்சை, உடைந்தால் சிவப்பு. விளக்கைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கம்பளிக் குல்லாய் பின்னிக்கொண்டிருப்பாள். ஐம்பத்தைந்து வயதாகியும் கண் கூர்மை. நாக்கு அதைவிடக் கூர்மை.

ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. 4.2.0 என்பதுபோல மூன்று எண்கள், நடுவில் புள்ளிகள். ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன் செய்து பார்க்கும் வெள்ளோட்டங்களுக்கு மட்டும் பின்னால் ஒரு வால் ஒட்டும்: 4.2.0-பீட்டா.1, 4.2.0-பீட்டா.2 என்று. வாலில் உள்ள எண்ணை சர்வரே ஏற்றிக்கொண்டு போகும். எல்லாம் தேறியபின் வாலை அறுத்து வெறும் 4.2.0 என்று வெளியிடுவார்கள். ஆக, வால் உள்ளது பழையது, வால் இல்லாதது புதியது. பீட்டா ஆயிரமே வந்தாலும் அது வாலில்லாத 4.2.0-ஐ விடப் பழையதுதான். அதனால் வெளியீடு முடிந்த கையோடு அடிப்படை எண்ணை 4.3.0 என்று உயர்த்திவிட வேண்டும். அடுத்த வெள்ளோட்டம் 4.3.0-பீட்டா.1 என்று தொடங்கும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பலகையில் எழுதிப் பாடம் நடத்துபவளும் கிளெனிஸ்தான்.

அப்படிப் பாடம் கேட்டவர்களில் கடைசியாக வந்தவன் செமிசி ஃபோனுவா. டோங்கா தீவிலிருந்து வந்த குடும்பம். ஆக்லாந்தில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டே மாலை வகுப்பில் படித்துத் தேறியவன். நாற்பதை நெருங்கும் வயது, கதவை அடைக்கும் உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். செப்டம்பர்வரை தற்காலிக வேலை, அதற்குள் கையில் விஷயம் இருக்கிறது என்று காட்டினால் நிரந்தரம் என்பது பேச்சு. அந்தப் பேச்சை நம்பி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லாரையும் ஹாமில்டனுக்குக் கூட்டி வந்துவிட்டான். அவர்கள் சர்ச்சில் 'எங்கள் கம்ப்யூட்டர்க்காரர்' என்று அவனை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்களாம். வெட்கப்பட்டுக்கொண்டே அவனே சொன்னான்.

ஜூன் மாதப் பண்ணைக் கண்காட்சிக்காக அவசர அவசரமாக 4.2.0 வெளியாயிற்று. எல்லாப் பண்ணைகளின் பெட்டிகளும் அதை ஏற்றுக்கொண்டன. வந்த வேகத்தில் ஒரு தொல்லையும் கூடவே வந்தது. டாங்கர் பாலை எடுத்துக்கொண்டு போனதும் காலித் தொட்டியை வெந்நீர் விட்டுக் கழுவுவார்கள். பெட்டி அந்த வெந்நீரைப் பால் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனை அலறவிட்டது. கன்று ஈனும் பருவம் வேறு. பண்ணைக்காரர்கள் கண் அயர்வதே அரிது. அந்த நேரத்தில் வெந்நீருக்கெல்லாம் எழுப்பினால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

நிறுவனத்தை நடத்தும் பிரெண்டன் டக் அந்தப் பழுதை செமிசியிடம் கொடுத்தான். "இதான் ப்ரோ உன் பரீட்சை," என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்தாலும் அது பரீட்சைதான்.

செமிசி எழுதினான். முதலில் தொட்டி காலியாகிறதா என்று பார், காலியான பின் சூடு ஏறினால் அது கழுவும் வெந்நீர், பேசாமல் இரு. சின்ன நிரல், பார்க்கவே அழகாக இருந்தது. சர்வர் அதைக் கட்டி 4.2.0-பீட்டா.58 என்று பெயரிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளோட்டத்துக்குச் சம்மதித்திருந்த ஆறு பண்ணைகளுக்கும் கிளெனிஸ் அனுப்பிவைத்தாள். திரையில் ஆறு பச்சை டிக்குகள் வந்தன. பக்கத்தில் 'புதியதே உள்ளது' என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலை மோரின்ஸ்வில்லிலிருந்து மராயா போன் செய்தாள். ஆறு பண்ணைகளில் மூத்த பண்ணைக்காரி அவள். எதையும் கத்தித்தான் சொல்வாள்.

"இந்தாம்மா கிளெனிஸ், சரி பண்ணிட்டோம்னு சொன்னீங்களே, என்னத்த சரி பண்ணினீங்க? இன்னிக்கும் கத்துது. என் புருஷன் காதுக்கு மிஷின் வெச்சிருக்காரு, அவரே எழுந்துட்டாருன்னா பாத்துக்கோ!"

மற்ற ஐந்து பண்ணைகளும் அதையேதான் சொல்லின. செமிசி தன் மேசையில் இருந்த, நிரலை நேரடியாக ஏற்றிய சோதனைப் பெட்டியில் வெந்நீர்க் குடுவையை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தான். அங்கே சரியாக வேலை செய்தது. தயங்கித் தயங்கி கிளெனிஸ் மேசைக்கு வந்து நின்றான்.

"கிளெனிஸ், ஒரு நிமிஷம். நான் எழுதினது நிஜமாவே பண்ணைப் பெட்டிக்குள்ள போயிருக்குங்களா?"

கிளெனிஸ் ஊசியை நிறுத்தவில்லை. "ஏன், வழியில டீ குடிக்க இறங்கியிருக்கும்னு பாக்குறியா?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல, இங்க சரியா ஓடுது. அங்க மட்டும் அடிக்குதுன்னா..."

"ஸ்கிரீனைப் பாரு. ஆறு பண்ணை, ஆறு பச்சை டிக். என் பில்ட் லைன் ஒன்பது வருஷமா ஓடுது தம்பி. அது தப்பு பண்ணினா சிவப்பு எரியும். எரியுதா? இல்லல்ல? நீ எழுதினதைப் போய்ப் பாரு."

"சரிங்க," என்று செமிசி போய்விட்டான். அதற்குப்பின் அவன் அதைக் கேட்கவே இல்லை.

எழுதியதையே திருத்தத் தொடங்கினான். தொட்டி காலியாவதை நம்பாமல் வேறு வழி பார்த்தான். அதுவும் பண்ணையில் எடுபடவில்லை. சூடு ஏறியபின் கொஞ்ச நேரம் பொறுத்து அலறும்படி மாற்றினான். எடுபடவில்லை. இன்னும் நீட்டினான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பீட்டா, ஒவ்வொரு பீட்டாவுக்கும் பச்சை விளக்கு, ஒவ்வொரு பச்சைக்கும் மறுநாள் மராயாவின் கத்தல். செமிசி இளைத்துப்போனான். மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு பாதியில் மூடிவிடுவான். பிரெண்டன் அவனை 'ப்ரோ' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு 'செமிசி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அதன் அர்த்தம் ஆபீஸுக்கே புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிளெனிஸ் ஒரு காரியம் செய்தாள். விதிப்படி பூட்ஸ் பில்டை உடைத்தவர்களுக்குத்தான். செமிசி எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு அவன் மேசைக்குப் போனாள்.

"பில்டை உடைக்கலைதான். ஆனா ஆறு குடும்பத்தோட தூக்கத்தைக் கெடுத்திருக்கான். கோர்ட்டு அதையும் கணக்குல எடுத்துக்குது," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். செமிசியும் சிரித்தான். மறுநாள் அவன் மனைவி பொரித்துக் கொடுத்த கெக்கே என்னும் இனிப்பு மாவு உருண்டைகளைத் துண்டில் சுற்றிச் சுடச்சுடக் கொண்டுவந்தான். மற்றவர்கள் கொண்டுவந்தால் நடுமேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். இவன் ஒவ்வொருவர் இடத்துக்கும் போய்த் தன் கையால் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் "மன்னிச்சிருங்க" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, மனதாரவே சொன்னான். கிளெனிஸிடமும் சொன்னான். அவள் மூன்று உருண்டை தின்றாள். ருசியாக இருக்கிறது என்று நான்காவதும் கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்ட் கடைசியில் மராயாவின் பெட்டி உடைந்தது. எருவண்டியைப் பின்னால் எடுத்தபோது இடித்துவிட்டாளாம். ஆபீஸிலிருந்து அலமாரியில் கிடந்த பழைய பெட்டி ஒன்றை அனுப்பினார்கள். அதை மாட்டிய மறுநாளிலிருந்து கழுவும்போது சத்தம் இல்லை. மராயா மகிழ்ந்துபோய் போன் செய்து செமிசிக்கு முத்தமெல்லாம் கொடுத்தாள். அவன் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. ஆனால் அந்த வாரத்திலேயே அவள் தொட்டியின் குளிர்ப்பான் நின்றுபோயிற்று. பெட்டி அதற்கும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தொட்டிப் பாலும் புளித்துச் சாக்கடைக்குப் போயிற்று.

"முன்னாடி சும்மாவே கத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப செத்த பிணம் மாதிரி கிடக்கு! யாருய்யா இதை எழுதினது?" என்று மராயா கத்தினது போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

எழுதியவன் எழுந்து நின்றான். "நான்தான்," என்றான்.

பொறுத்துப் பொறுத்து அலறும்படி மாற்றிக்கொண்டே போனதில் கடைசி பீட்டா அநேகமாக ஊமையாகவே ஆகிவிட்டிருந்தது. பிரெண்டன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். வெளியே வந்தபோது செமிசி யாரையும் பார்க்கவில்லை. தற்காலிக வேலை இத்தோடு சரி, வெள்ளிக்கிழமை தேநீரோடு வழியனுப்பு என்று பிரெண்டன் எல்லாருக்கும் சொன்னான். "பாவம், நல்ல மனுஷன். ஆனா கையில விஷயம் இல்ல," என்று கிளெனிஸும் யாரிடமோ சொன்னாள்.

அவளை உறுத்தியது வேறு ஒன்று. கடைசி பீட்டா ஆறு பண்ணைகளுக்கும்தானே போனது? மராயாவின் பெட்டி மட்டும் ஏன் ஊமையானது? மற்ற ஐந்தும் இன்றைக்கும் வெந்நீருக்குக் கத்திக்கொண்டிருக்கின்றனவே. திரையில் பார்த்தாள். ஆறுக்கும் 4.2.0 என்றே இருந்தது. வால் தெரியாது. பீட்டா என்ற சொல்லைப் பார்த்து விவசாயிகள் மிரள்கிறார்கள் என்று பிரெண்டன் சொன்னதால் திரையில் வாலை மறைத்தவள் அவளேதான். பெட்டிகள் அனுப்பும் மூலத் தகவலைத் திறந்தாள்.

மராயாவின் பெட்டியில் 4.2.0-பீட்டா.71 இருந்தது. மற்ற ஐந்திலும் வெறும் 4.2.0.

முதலில் கிளெனிஸுக்கு வந்தது வருத்தம்கூட அல்ல. யாராவது பார்த்துவிட்டார்களா என்ற பயம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. அப்படித் திரும்பிப் பார்த்ததற்காகப் பிற்பாடு அவள் தன்னையே பலமுறை காறித் துப்பிக்கொண்டாள்.

நடந்தது இதுதான். கண்காட்சி அவசரத்தில் அந்த வெளியீட்டை எப்போதும்போல் எல்லாரும் எழுதிச் சேர்க்கும் தாய்வரிசையில் செய்யாமல், நிரலை நகலெடுத்துத் தனிக் கிளை ஒன்றைப் பிரித்து அங்கே செய்தாள். அடிப்படை எண்ணை 4.3.0-க்கு உயர்த்தும் வேலையும் அவள் எழுதி வைத்திருந்தபடி தானாகவே நடந்தது. ஆனால் அந்தக் கிளையில் மட்டும் நடந்தது. கண்காட்சி முடிந்ததும் கிளையை மூடினாள். எண்ணும் அதோடு மூடிக்கொண்டது. தாய்வரிசைக்கு அதைக் கொண்டுவர மறந்துபோனாள். சர்வருக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு 4.2.0-க்கே வால் ஒட்டி பீட்டா.58, பீட்டா.59 என்று அடுக்கிக்கொண்டே போயிற்று. பண்ணைப் பெட்டிகளிலோ வாலில்லாத 4.2.0 ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கல்யாணம் முடிந்த வீட்டுக்கு நிச்சயதார்த்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால் யார் வாங்குவார்கள்? என்னிடம் இருப்பதுதான் புதியது என்று பெட்டிகள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பின. திருப்பி அனுப்பிவிட்டு, உண்மையாகவே, 'புதியதே உள்ளது' என்று பச்சை டிக்கும் போட்டன. மராயாவுக்குப் போன அலமாரிப் பெட்டி மட்டும் கண்காட்சிக்கு முந்திய 4.1-ல் தூங்கிக்கொண்டிருந்ததால் வந்ததை வாங்கிக்கொண்டது.

அந்த ஒரு பெட்டிக்குப் போனதைத் தவிர, செமிசி எழுதிய எதுவும், பீட்டா.58 முதற்கொண்டு, அந்தப் பண்ணைகளுக்குள் நுழையவே இல்லை. இரண்டு மாதமாக அவன் திருத்திக்கொண்டிருந்தது யாரும் ஓட்டிப் பார்க்காத ஒன்றை.

எண்ணை உயர்த்துவது ஒரு வரி வேலை. அன்றைக்கே உயர்த்தினாள். பிறகு செமிசியின் திருத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அவன் முதலில் எழுதியதை அப்படியே எடுத்து சர்வரிடம் கொடுத்தாள். 4.3.0-பீட்டா.1 என்று வந்தது. முதலில் வேலை செய்கிறதா பார்ப்போம், பிறகு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் ஆறு பண்ணைகளிலும் தொட்டி கழுவினார்கள்; ஒரு பெட்டியும் கத்தவில்லை. மராயா நம்பாமல், தொட்டியில் பால் இருக்கும்போதே குளிர்ப்பானை நிறுத்திப் பார்த்தாள். பெட்டி ஊரைக் கூட்டியது.

முதல் நாள் எழுதியதே சரி. கமா மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிரெண்டன் திரையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "கிளென், நீயா? நீயே உட்கார்ந்து சரி பண்ணிட்டியா?" என்று அவள் தோளைத் தட்டினான். அவள் வாயைத் திறந்தாள். "ஏதோ, பாத்தேன்," என்றது அந்த வாய். அன்று முழுவதும் அவள் அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை காலைத் தேநீருக்கு எல்லாரும் நடுமேசையைச் சுற்றி நின்றார்கள். செமிசி வெளுத்த சட்டை போட்டு, டோங்கா வழக்கப்படி இடுப்பில் பின்னிய பாய் கட்டிக்கொண்டு வந்திருந்தான். விடைபெறுகிற இடத்துக்கு மரியாதையாகத்தானே போகவேண்டும்? பிரெண்டன் நல்லவிதமாகத்தான் பேசினான். செமிசியின் உழைப்பைப் பற்றி, பொறுமையைப் பற்றி. கடைசியில் பேச்சைக் கொஞ்சம் கலகலப்பாக்க நினைத்தான்.

"செமிசியை ரெண்டு மாசமா தண்ணி காட்டின வெந்நீர்ப் பேயை நம்ம மாஜிஸ்திரேட் ஒரே நாள்ல ஓட்டிட்டாங்க! ஒரு கைதட்டு குடுங்கப்பா!"

கைதட்டினார்கள். செமிசிதான் முதலில் தட்டினான். அந்தப் பெரிய கைகளின் சத்தம் தனியாகக் கேட்டது. தட்டி முடித்துவிட்டு கிளெனிஸ் பக்கம் வந்தான்.

"ரொம்ப நன்றிங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? நான் எழுதினதுல தப்பு எங்க இருந்துச்சுன்னு காட்டுறீங்களா? தெரிஞ்சுக்கிட்டா போதும். இனிமே இந்த வேலைக்கு வரப்போறதில்லை, ஆனாலும் தெரிஞ்சுக்கணும்."

கிளெனிஸ் கையில் இருந்த கோப்பையை வைக்க இடம் தேடினாள். கிடைக்கவில்லை.

"தப்பு எதுவும் இல்ல, செமிசி."

"இல்ல, பரவாயில்ல, சொல்லுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

"தப்பே இல்லைங்கிறேன். நான் அனுப்பினது உன்னோடதுதான். பீட்டா ஐம்பத்தெட்டு. நீ முதல்ல எழுதினது. ஒரு எழுத்தை நான் மாத்தல." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, மறுபடியும் உரக்கச் சொன்னாள். "ஜூன்ல இருந்து நான் எண்ணை உயர்த்தல. உன்னோடது எதுவும் பண்ணைக்குப் போய்ச் சேரல. தப்பு என்னோடது. முந்தாநாளே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

பிரெண்டன், அந்தச் சங்கடம் தாங்காமல், ஹோவென்று சிரித்தான். "ஏய், பூட்ஸ்! பூட்ஸை எடுங்கடா! மாஜிஸ்திரேட்டே மாட்டிக்கிட்டாங்க!"

உடனே எல்லாருக்கும் உயிர் வந்தது. யாரோ ஓடிப்போய் ரோஸ் பூட்ஸைக் கொண்டுவந்து கிளெனிஸ் மேசையில் நட்டார்கள். சீஸ் ஸ்கோன் வேண்டும் என்றார் ஒருவர். சாக்லேட் கேக், இரண்டு அடுக்கு, என்றார் இன்னொருவர். நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலை. இந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இதே சிரிப்புக்கு நடுவில்தான் ஒரு மனிதன் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான், அவள் நான்காவது உருண்டைக்குக் கை நீட்டினாள்.

செமிசி சிரிக்கவில்லை. கோபமும் தெரியவில்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்க்கிறவன்போல நின்றான்.

"அன்னிக்கு நான் வந்து கேட்டேனே, பெட்டிக்குள்ள போயிருக்கான்னு. அப்ப நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அதுக்கப்புறம்?"

"ஒரு தடவைகூடப் பாக்கல, செமிசி. எரியுற விளக்கைத்தான் பாத்தேன்."

"சரிங்க," என்றான்.

பிரெண்டன் அன்றைக்கே வழியனுப்பை ரத்து செய்தான். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கான தாளை நீட்டினான், 'ப்ரோ'வும் திரும்பி வந்தது. செமிசி கையெழுத்துப் போட்டான். மறுபடி கிடங்கு வேலைக்குப் பேசி வைத்திருந்ததை ரத்து செய்துவிட்டு வந்தான் என்று பிறகு தெரிந்தது. கிளெனிஸ் சீஸ் ஸ்கோன் சுட்டுக் கொண்டுவந்தாள். திரையில் வாலைத் திரும்பத் தெரியவைத்தாள். வெள்ளோட்டத்தின் எண் வெளியானதைவிடப் பழையதாக இருந்தால் பில்டே சிவப்பாகும்படி சர்வருக்குக் கற்றுக்கொடுத்தாள். தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டாள். பூட்ஸ் எங்கோ படிக்கட்டில் குடை போட்டு வைக்கும் பாத்திரமாகிவிட்டது. செமிசி எல்லாரிடமும் பழையபடியே மரியாதையாக இருந்தான். ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆபீஸில் நினைத்தார்கள்.

கிளெனிஸுக்குத்தான் தெரியும். முதல் முறையிலேயே பிசகில்லாமல் எழுதிய அந்த ஆள், இப்போது நாலு வரி எழுதினாலும் அவளைக் கூப்பிட்டுவிடுவான். தன் கண்ணை அவனால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்க அவனுக்கு இரண்டு மாதம் பாடம் நடத்தியவள் அவள்தான்.

போன வாரமும் கூப்பிட்டான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். சுத்தமாக, அழகாக இருந்தது.

"சரியா இருக்கு, செமிசி."

"நிஜமாவாங்க?"

"நிஜமா. ஒரு குறையும் இல்ல. அனுப்பிடு."

அவன் அனுப்பவில்லை. கை அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன், கிளெனிஸ்."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினாள்.